குற்றச்செய்திப் பத்தியிலிருந்து காப்பகத்திற்கு: தன்பாலீர்ப்புப் பெண்கள், பெண்ணியச் செயற்பாட்டாளர் வாழ்வாவணங்களும் வடசென்னைக் கடற்கரையும்

ஆய்வுச்சுருக்கம்

பெண்ணியச் செயற்பாட்டாளர்கள், தன்பாலீர்ப்புப் பெண்கள் ஆகியோரின் வாழ்வைத் திரட்டிக் காக்கும் ஆவணத் தொகுப்புகள் எவ்வாறு தோன்றின, எவற்றைச் சான்றாக ஏற்கின்றன, எவற்றை மூடி வைக்கின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. மும்பையின் ஸ்பாரோ, நியூயார்க்கின் லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆர்க்கைவ்ஸ், இந்தியப் பெண்கள் குழுக்களின் தொகுப்புகள் ஆகியன முதன்மைச் சான்றுகளாகின்றன. இராயபுரம் முதல் காட்டுப்பள்ளி வரையுள்ள துறைமுக, தொழிற்சாலைப் பகுதிக்கு இத்தகைய தொகுப்பு அமையுமாயின் அது எதிர்கொள்ளவேண்டிய சிக்கல்கள் பிற்பகுதியில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆவணக்காப்பு, வாய்மொழி வரலாறு, தன்பாலீர்ப்பு, பெண்ணியம், ஸ்பாரோ, வடசென்னை, காட்டுப்பள்ளி.

1. வரிக்கு இடையில் ஓர் எழுத்து

திருவொற்றியூர் இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்றொரு பெயர் உண்டு. மன்னன் எழுதுவித்த ஓலையில், வரிக்கும் வரிக்கும் இடையே, ஒற்றியூருக்கு மட்டும் விலக்களிக்கும் சொற்கள் எழுதியவன் அறியாமலே தோன்றின என்பது தலவரலாறு. சேக்கிழாரும் இச்செய்தியைச் சுட்டிச் செல்கிறார். ஆவணத்தின் வரிகளை மட்டுமன்றி வரிகளுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தையும் படிக்கவேண்டும் என்னும் இக்கால ஆவணவியலாரின் கொள்கைக்கு, அதனை நினைக்காமலே ஒரு கதையைப் படைத்து வைத்திருக்கிறது அவ்வூர்.

அதே கோயிலின் 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் இன்னொரு வகையில் நமக்கு வேண்டியவை. இஷபத்தளியிலார், தேவரடியார் முதலிய கோயிற்பெண்டிரிடையே பணிமுறை பற்றி எழுந்த பூசலையும் அதற்குக் கண்ட தீர்வையும் அவை பதிவு செய்கின்றன. யார் எந்தப் பணியை எங்கே செய்வது என்னும் உரிமை வழக்கு அது. வடசென்னைப் பகுதியில் வேலை செய்த பெண்கள் கூட்டாக ஒரு கோரிக்கையை முன்வைத்ததற்கான சான்று கல்லிலேயே இருக்கிறது என்று இதனைச் சொல்லலாம். ஆனால் அக்கல்லில் இருப்பது பூசலும் தீர்ப்பும் மட்டுமே. அப்பெண்கள் யாரோடு வாழ்ந்தார்கள், யாரை விரும்பினார்கள், மாலையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு அங்கே இடமில்லை. நிறுவனம் தனக்கு வேண்டியதை எழுதிக்கொண்டது.

ஏறத்தாழ 650 ஆண்டுகள் கழித்து, 2008 மே மாதத்தில், இதே வடசென்னையில் ஒருவரையொருவர் விரும்பிய இரு பெண்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். குடும்பத்தார் அவர்களைப் பிரிக்க முயன்றதாக நாளிதழ்கள் எழுதின. அவர்களது பெயரும் அகவையும் குடியிருந்த பகுதியும் குற்றச்செய்திப் பத்தியில் அச்சாயின. அப்பெயர்களை இக்கட்டுரை வேண்டுமென்றே தவிர்க்கிறது. அவர்கள் விரும்பித் தந்த பெயர்கள் அல்ல அவை. இறந்தபின் காவல்துறைக் குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. பொது ஆவணத்தில் அவ்விருவரும் தோன்றிய நாளே அவர்களது கடைசி நாள். ஒரு நிலப்பகுதியில் பெண்ணை விரும்பிய பெண்ணுக்குக் கிடைக்கும் ஒரே ஆவணம் பிரேத விசாரணை அறிக்கையாக இருக்குமாயின், அப்பகுதியின் வரலாற்றை எழுதுவோர் எதனைக் கொண்டு எழுதுவது? இக்கட்டுரையின் வினா இதுவே.

2. பெட்டியில் இருந்தவை

அரசு ஆவணக் காப்பகங்களில் பெண்கள் இல்லாமல் இல்லை. எழும்பூரில் 1909இல் எழுந்த கட்டடத்தில் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் கோப்புகளில் அவர்கள் மனுதாரராக, குற்றஞ்சாட்டப்பட்டவராக, நோயாளியாக, கைம்பெண்ணாக வந்துகொண்டே இருக்கிறார்கள். தம் குரலில் பேசுபவராக வருவது அரிது. பொதுவாழ்வில் உயர்ந்த பெண்களின் தாள்கள் சில பேணப்பட்டன. ஆயினும் முத்துலட்சுமி ரெட்டியின் தாள்களைப் பார்க்க விரும்பும் தமிழ் ஆய்வாளர் தில்லியில் முன்பு நேரு நினைவு நூலகம் என வழங்கிய நூலகத்திற்குச் செல்லவேண்டியிருக்கிறது. சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பெண்கள் இதழ்களைப் பேணிவருவது பெரும்பேறு. என்றாலும் அச்சேறியவற்றின் காப்பகம் அது. அச்சேறாதவை வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன.

அத்தகைய பெட்டி ஒன்று திறக்கப்பட்டால் என்ன நிகழும் என்பதற்குத் தமிழகத்தில் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. இடதுசாரி மாதர் இயக்கத் தலைவரும் கீழ்வெண்மணிப் படுகொலை குறித்து எழுதியவருமான மைதிலி சிவராமன் (1939-2021), தம் பாட்டி சுப்புலட்சுமியின் குறிப்பேடுகளையும் கடிதங்களையும் கொண்டு 2006இல் ஆங்கிலத்தில் ஒரு வரலாற்றை எழுதினார். அந்நூலின் துணைத்தலைப்பிலேயே ‘குடும்ப ஆவணக்காப்பகம்’ என்னும் பொருள் அமைந்திருக்கிறது. பள்ளிக்கல்வி மறுக்கப்பட்டுச் சிறுவயதில் மணமான பெண் ஒருவர் என்ன படித்தார், எதற்கு ஏங்கினார் என்பது அத்துண்டுத் தாள்களிலிருந்தே தெரியவருகிறது. பின்னர் உமா சக்கரவர்த்தி, மைதிலி சிவராமனைக் குறித்தே ஓர் ஆவணப்படம் எடுத்தார். நினைவு மங்கிய நிலையிலிருந்த செயற்பாட்டாளரின் வாழ்வும் இவ்வாறு ஆவணமாயிற்று. பாட்டியின் தாள்களைப் பேத்தி காத்தார்; பேத்தியின் வாழ்வை வேறொரு பெண் வரலாற்றாசிரியர் காத்தார். நிறுவனம் ஏதும் இடையில் இல்லை.

இது மகிழத்தக்க கதை. மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தின் ஆலிஃபாக்ஸ் நகரை ஒட்டிய ஷிப்டன் மாளிகையில் வாழ்ந்த ஆன் லிஸ்டர் (1791-1840) ஏறத்தாழ ஐம்பது இலட்சம் சொற்கள் கொண்ட நாட்குறிப்பை எழுதினார். அதில் ஆறில் ஒரு பங்கு தாமே வகுத்த மறைகுறியில் அமைந்தது. பெண்களோடு கொண்ட காதல் அப்பகுதியில் இருந்தது. 1890களில் அவ்வழியினரான ஜான் லிஸ்டரும் அவர் நண்பர் ஆர்தர் பரலும் மறைகுறியை அவிழ்த்தனர். படித்துப் பார்த்த நண்பர் எரித்துவிடுமாறு அறிவுரை கூறினார். ஜான் லிஸ்டர் எரிக்கவில்லை. சுவர்ப் பலகைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். 1988இல் எலினா விட்பிரெட் அவற்றின் ஒரு பகுதியைப் பதிப்பித்தார். 2011இல் ஐக்கிய இராச்சியத்துக்கான யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் அந்நாட்குறிப்பு இடம்பெற்றது. பரலின் அறிவுரை ஏற்கப்பட்டிருந்தால் எதுவும் எஞ்சியிராது. ஒரு மனிதரின் தயக்கமே அக்காப்பகத்தின் அடித்தளம். தமிழ் வீடுகளில் எத்தனை ஆர்தர் பரல்கள் தீக்குச்சியோடு நின்றிருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்கலாம், கணக்கிட இயலாது.

3. ஸ்பாரோ: தமிழ் எழுத்தாளர் ஒருவர் கட்டிய கூடு

தமிழ் ஆய்வுலகம் அம்பையைச் சிறுகதையாசிரியராகவே பெரிதும் அறியும். சாகித்திய அகாதெமி விருதும் (2021) ‘சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை’ தொகுப்புக்கே கிடைத்தது. சி. எஸ். லட்சுமி என்னும் இயற்பெயரில் அவர் செய்த ஆவணப்பணிக்கு நம் ஆய்விதழ்களில் உரிய இடம் தரப்படவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து.

தமிழ் இலக்கியத்தில் பெண்கள் குறித்து 1984இல் ஆங்கிலத்தில் வெளியான அவரது ஆய்வுநூலுக்குப் பின், 1988இல் சமூகவியலறிஞர் நீரா தேசாய், பொருளியலறிஞர் மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் இணைந்து அவர் மும்பையில் தொடங்கியது ஸ்பாரோ அறக்கட்டளை. பெண்களைப் பற்றிய ஆய்வுக்கான ஒலி, காட்சி ஆவணக்காப்பகம் என்பது அதன் ஆங்கிலப் பெயர் விரிவின் பொருள். சுருக்கப் பெயரோ சிட்டுக்குருவியைக் குறிக்கும். சொந்தக் கட்டடம் மும்பையின் தகிசர் பகுதியில் பின்னர் அமைந்தது.

இப்பெயரில் ஒலியும் காட்சியும் முன்னிற்பது தற்செயலன்று. எழுத்தறிவு பெற்ற பெண்ணின் தாள்களை மட்டும் திரட்டினால், பெரும்பான்மைப் பெண்கள் தொடக்கத்திலேயே வெளியே நிற்பார்கள். ஆகவே வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள், ஒளிப்படங்கள், சுவரொட்டிகள், விளம்பரங்கள், கேலிச்சித்திரங்கள், குறும்படங்கள், துண்டறிக்கைகள், தனித்தாள்கள் ஆகிய அனைத்தையும் ஸ்பாரோ ஆவணமாக ஏற்றது. இசைக்கலைஞர், நடனக்கலைஞர், எழுத்தாளர், விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டோர், தொழிற்சங்கப் பெண்கள் எனப் பலரது பேச்சு அங்கே பதிவாகியுள்ளது. பெண் இசைக்கலைஞர் பற்றியும் நடனக்கலைஞர் பற்றியும் அப்பதிவுகளிலிருந்து நூல்களும் உருவாயின.

இம்முறையில் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியன. ஒன்று, பதிவு செய்யப்படுபவர் தகவலாளி அல்லர். தம் வாழ்வைத் தாமே விளக்குபவர். கேள்வி கேட்பவரின் வினாநிரலை மீறிப் பேச்சு எங்கே திரும்புகிறதோ அங்கேதான் பெரும்பாலும் பொருள் இருக்கிறது. அரியதொரு கச்சேரியைப் பற்றிக் கேட்டால், அன்றைக்கு வீட்டில் யார் குழந்தையைப் பார்த்துக்கொண்டார் என்று பாடகி சொல்லத் தொடங்குவார். அதை வெட்டியெறிந்தால் கலை வரலாறு எஞ்சும். பெண்ணின் வரலாறு போய்விடும். இரண்டாவது, படமும் ஒலியும் எழுத்தைவிட அதிகமாகக் காட்டிக்கொடுப்பவை. குரலை மறைப்பது பெயரை மறைப்பதைவிடக் கடினம். இவ்விரண்டாவது செய்தி, தன்பாலீர்ப்புப் பெண்களின் ஆவணத்திற்கு வரும்போது மிகப்பெரிய சிக்கலாக வளர்கிறது.

இலங்கைத் தமிழ்ச் சூழலில் இதற்கு இணையான முயற்சி வேறு வடிவில் நிகழ்ந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், போரில் அழிவுக்குள்ளான அச்சாவணங்களை மீட்டெடுக்கும் நோக்கில் எழுந்தது. கொழும்புப் பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனத்தின் ‘நிவேதினி’ போன்ற பெண்ணிய இதழ்கள் புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் எட்டுவதற்கு எண்ணிமமாக்கமே வழி. தமிழகத்தில் குட்டி ரேவதியின் ‘பனிக்குடம்’, மாலதி மைத்ரியின் ‘அணங்கு’ ஆகிய பெண்ணியச் சிற்றிதழ்களின் முழுத்தொகுதிகளை ஒரே இடத்தில் தேடிப் பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு விளங்கும். இழப்பைக் கண்ணால் கண்ட சமூகம் ஆவணத்தின் அருமையை முந்தி உணர்ந்துகொண்டது.

4. தம்மைத் தாமே காத்தல்

லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆர்க்கைவ்ஸ் 1974இல் நியூயார்க்கில் நிறுவப்பட்டது. ஜோன் நெசில், டெபரா ஈடல் முதலியோர் அதன் தொடக்கநிலைப் பெண்கள். பல ஆண்டுகள் அது நெசிலின் அடுக்ககத்திலேயே இயங்கியது; வருவோர் அவரது வாழ்விடத்தின் ஊடாகச் சென்று ஆவணங்களைப் பார்த்தனர். 1993இல் புரூக்லினில் நன்கொடையால் வாங்கிய கட்டடத்திற்கு மாறியது. பல்கலைக்கழகத்திடம் ஒப்படைப்பதில்லை, ஆய்வுத்தகுதி கேட்டு எவரையும் தடுப்பதில்லை, தன்னார்வலரே நடத்துவது, புகழ்பெற்றவர் வாழ்வுக்கும் சாதாரணப் பெண்ணின் வாழ்வுக்கும் ஒரே மதிப்பு என்பன அதன் கோட்பாடுகள். நூலக அடுக்குகளில் நூல்களைக் குடும்பப்பெயரால் அன்றி முதற்பெயரால் வரிசைப்படுத்தும் வழக்கமும் அங்குண்டு. குடும்பப்பெயர் தந்தைவழிப் பெயர் என்பது காரணம். தலைப்பெழுத்து முறையைக் கொண்ட தமிழருக்கு இதில் வியப்பு குறைவு.

அக்காப்பகத்தின் தொகுப்புகளுள் மேபல் ஆம்ப்டனின் பதிவுகள் தனித்துச் சொல்லத்தக்கவை. 1902இல் பிறந்த கறுப்பினப் பெண்ணான அவர் இளமையில் ஆர்லத்தில் நடனமாடியவர்; வாழ்வின் பெரும்பகுதி வீட்டுவேலை செய்தவர். 1932இல் லிலியன் பாஸ்டரைச் சந்தித்து, 1978இல் அவர் இறக்கும்வரை சேர்ந்து வாழ்ந்தார். அவர் பேச்சை நெசில் ஒலிநாடாக்களில் பதிவு செய்தார். வீட்டுவேலை செய்த ஒரு பெண்ணின் காதலும் கூலியும் குடியிருப்பும் வழிபாடும் ஒரே குரலில் ஒலிக்கும் அந்நாடாக்கள் இல்லையெனில், அக்கால நியூயார்க்கின் தன்பாலீர்ப்பு வரலாறு வெள்ளையின எழுத்தாளர்களின் வரவேற்பறை வரலாறாகவே எஞ்சியிருக்கும்.

இந்தியச் சூழலுக்கு வருவோம். 1987இல் மத்தியப் பிரதேசத்தில் இரு பெண் காவலர்கள் தம்முள் திருமணம் செய்துகொண்டு, அதன் பொருட்டுப் பணிநீக்கம் செய்யப்பட்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. 1991இல் கீதி தடானி தில்லியில் ‘சகி’ என்னும் குழுவைத் தொடங்கினார். 1995இல் மும்பையில் ‘ஸ்திரீ சங்கம்’ தோன்றிப் பின்னர் ‘லேபியா’ எனப் பெயர் மாறியது. 1998இல் தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ திரைப்படம் ஓடிய திரையரங்குகள் தாக்கப்பட்டன. தாக்குதலைக் கண்டித்துத் தில்லி ரீகல் திரையரங்கின் முன் டிசம்பரில் நடந்த கூட்டத்தில், இந்தியப் பெண்ணாகவும் லெஸ்பியனாகவும் தம்மை அறிவிக்கும் பதாகை பொதுவெளியில் உயர்ந்தது. அதன் தொடர்ச்சியாக அமைந்த லெஸ்பியன் உரிமைக்கான இயக்கம் 1999இல் வெளியிட்ட அறிக்கை, ஓர் இயக்கம் தன் கூட்டக்குறிப்புகள், துண்டறிக்கைகள், கருத்துவேறுபாடுகள் அனைத்தையும் சுடச்சுடத் தொகுத்த ஆவணம். பெண்கள் அமைப்புகளுக்குள்ளேயே லெஸ்பியன் என்னும் சொல்லை வெளிப்படையாகப் பயன்படுத்தலாமா என்று நடந்த வாதங்களும் அதில் உண்டு. பெண்ணிய வரலாறும் தன்பாலீர்ப்பு வரலாறும் இணைந்தும் முரண்பட்டும் சென்ற பாதையை அறிய இதைவிடச் சிறந்த மூலம் குறைவு.

அதே 1999இல் கொல்கத்தாவில் ‘சாப்போ’ தொடங்கியது. அதன் நூலகமும் ‘ஸ்வகண்டே’ இதழும் வங்கமொழியில் இப்பொருளுக்கு ஒரு சொல்வளத்தையே உருவாக்கின. கேரளத்தின் ‘சகயாத்திரிகா’ 2002இல் எழுந்த பின்னணி நமக்கு மிக நெருக்கமானது. இரு பெண்கள் சேர்ந்து உயிர்மாய்த்துக்கொண்ட செய்திகள் மலையாள நாளிதழ்களில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. அச்செய்திகளின் பின்னால் இருந்த வாழ்வைத் தேடிச் சென்றதே அவ்வமைப்பின் முதற்பணிகளுள் ஒன்று. தொழிற்சங்கப் பணியிலிருந்து வந்த மாயா சர்மா, வட இந்திய உழைக்கும் வர்க்கப் பெண்களின் வாழ்க்கைக் கதைகளைத் திரட்டி 2006இல் நூலாக்கினார். ஆங்கிலம் அறிந்த நகர்ப்புறப் பெண்களின் இறக்குமதிச் சரக்கு இது என்னும் பழிக்கு அந்நூல் தந்த விடை வலுவானது. அண்மைக்காலத்தில், இயக்குநர் டி. ஜெயஸ்ரீ உள்ளிட்டோர் முயற்சியால் உருவான ‘கம்ரா’ காப்பகம் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் இடம்பெற்றுள்ளது. பல்கலைக்கழகத்திற்குள் செல்வதில்லை என்னும் நியூயார்க் கொள்கைக்கு நேர்மாறான தெரிவு இது. இரண்டில் எது சரி என்று பொதுவிதி வகுக்க இயலாது. கட்டடமும் குளிரூட்டலும் பணியாளர் ஊதியமும் யாரிடம் இருக்கின்றன என்பதே பல வேளைகளில் முடிவு செய்கிறது.

இங்கே தமிழ் ஆய்வாளருக்கு ஓர் எச்சரிக்கை பொருந்தும். சங்க அகப்பாடல்களின் தலைவி-தோழி உறவைத் தன்பாலீர்ப்பின் முற்சான்றாகக் காட்டும் ஆவல் சில கருத்தரங்குகளில் தலைதூக்குகிறது. தோழி என்பவள் அகத்திணை மரபின் கூற்று உறுப்பு. அவளை வாழ்வாவணமாகக் கொள்வது பாடலுக்கும் நியாயமன்று. இன்று வாழும் பெண்ணுக்கும் நியாயமன்று. இரண்டாயிரம் ஆண்டுத் தொன்மை காட்டினால்தான் ஓர் உறவுக்கு மதிப்புண்டு என ஏன் கருதவேண்டும்?

5. நீதிமன்றம் என்னும் காப்பகம்

தமிழ்நாட்டில் தன்பாலீர்ப்புப் பெண்கள் பற்றிய அடர்த்தியான எழுத்தாவணம் நீதிமன்றக் கோப்புகளில் உள்ளது. பொன்னி அரசு, பிரியா தங்கராஜா இருவரும் 2012இல் வெளியிட்ட கட்டுரை இதன் காரணத்தைத் தெளிவுபடுத்தியது. வீட்டைவிட்டு வெளியேறிய மகளை மீட்டுத்தரக் கோரிப் பெற்றோர் தொடுக்கும் ஆட்கொணர்வு மனுக்களே இப்பெண்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருகின்றன. சட்டவிரோதக் காவலிலிருந்து குடிமக்களைக் காக்கப் பிறந்த மனு, வயதுவந்த பெண்ணை வீட்டுக்குத் திருப்பும் கருவியாகிவிடுகிறது. கோப்பில் பெண்ணின் வாக்குமூலம் இருக்கும். அது காவலரும் தந்தையும் வழக்குரைஞரும் சூழ நிற்கையில் தரப்பட்ட வாக்குமூலம். ‘தோழியோடு செல்ல விரும்புகிறேன்’ என்ற தொடருக்குள் எவ்வளவு சொல்லப்பட்டது, எவ்வளவு விழுங்கப்பட்டது என்பதை வரிக்கு இடையிலேதான் படிக்கவேண்டும்.

வடசென்னையின் தென்வாயிலில் நிற்கும் சென்னை உயர்நீதிமன்றத்தில் இந்நிலை சற்று மாறியது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கோரிய இரு பெண்களின் வழக்கில், நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 சூன் 7ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். தமக்கு இப்பொருளில் போதிய புரிதல் இல்லை என்று உணர்ந்து உளவியல் வல்லுநரிடம் தாமே கற்றுக்கொண்டதை ஆணையிலேயே அவர் பதிவு செய்தார். பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை முயற்சிகளுக்குத் தடை விதித்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் இச்சமூகத்தாரைக் குறிக்கும் தமிழ்ச் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. 2025 மே 22ஆம் நாள் நீதியரசர்கள் ஜி. ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு, பெற்றோரால் தடுத்துவைக்கப்பட்ட 25 வயதுப் பெண் தம் இணையருடன் செல்ல உரிமையுடையவர் என்றும், தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பம் சட்டத்துக்கு அயலானதன்று என்றும் கூறியது.

அரசிதழ்ச் சொற்பட்டியல் நிருவாகத்திற்கும் இதழியலுக்கும் இன்றியமையாதது. பழிச்சொல் அச்சேறுவதை அது தடுக்கும். எனினும் காப்பகத்தின் விவரப்பட்டியலில் அதை மட்டுமே பயன்படுத்துவது தவறாக முடியலாம். தம் உறவைக் ‘கூட்டாளி’ என்றோ ‘அக்கா தங்கை மாதிரி’ என்றோ சொன்ன ஒருவரின் பதிவைத் ‘தன்பாலீர்ப்பு’ என்னும் தலைப்பின்கீழ் மட்டும் வகைப்படுத்தினால், அவர் சொல்லாத ஒன்றை நாம் சொன்னவர்களாவோம். அவர் சொல்லை மட்டும் வைத்தால், தேடி வரும் ஆய்வாளருக்கு அப்பதிவு அகப்படாது. இரு சொற்களையும் யார் தந்தது என்னும் குறிப்போடு தனித்தனிப் புலங்களில் இடுவதே இப்போதைக்கு ஏற்ற வழி.

6. காட்டுப்பள்ளி: திரட்டப்படாதவை

காட்டுப்பள்ளி, எண்ணூர்க் கழிமுகத்திற்கு வடக்கே, ஒருபுறம் வங்கக்கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் கொசத்தலை ஆற்று நீர்ப்பரப்பும் சூழ்ந்த மணற்றீவு. அனல்மின் நிலையங்கள், 2001இல் எண்ணூர்த் துறைமுகம், 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, அடுத்துக் கப்பல்கட்டும் தளம், 2013இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் என ஒன்றன்பின் ஒன்றாக இப்பகுதி மாறிற்று. கப்பல்தளத்தின் பொருட்டுக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர் இடம்பெயர்க்கப்பட்டனர். 2018இல் துறைமுகம் கைமாறியபின், 330 ஏக்கரை 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. பழவேற்காடு வரையுள்ள ஊர்கள் எதிர்த்தன. 2023 டிசம்பரில் மிக்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும், பின்னர் ஆலையை மூடக்கோரி அமர்ந்தவர்களும் பெரும்பாலும் பெண்கள்.

இப்பெண்கள் தம்மைப் பெண்ணியவாதி என்று அழைத்துக்கொள்வதில்லை. மீன்கூடை சுமக்கும் பெண், கழிமுகச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண், ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் ஆகியோரைப் பெண்ணியச் செயற்பாட்டாளர் தொகுப்பில் சேர்ப்பது முறையா என்னும் வினா எழும். முறையே என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. காப்பகம் பட்டம் வழங்கும் இடமன்று. செயலைப் பதிவு செய்யும் இடம். ஊர்ப் பஞ்சாயத்தில் ஆண்களே அமர்வதால் மனுக்களில் ஆண்களின் கையொப்பமே காணப்படும். அதே போராட்டத்தின் ஒளிப்படங்களிலோ முன்வரிசையில் பெண்கள் இருப்பர். மனுவை மட்டும் காப்பகத்தில் வைத்துப் படத்தை விட்டுவிட்டால், பின்னாளில் எழுதப்படும் வரலாறு ஆண்களின் போராட்ட வரலாறாகவே அமையும். ஸ்பாரோ படத்தையும் ஒலியையும் முன்வைத்ததன் பொருள் இங்கே முழுமையாக விளங்குகிறது.

அரசே உருவாக்கும் ஒரு மூலத்தையும் குறிப்பிடவேண்டும். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் முழுவதும் காணொளியாகப் பதிவு செய்யப்படவேண்டும். நடவடிக்கைச் சுருக்கம் வட்டார மொழியில் கூட்டத்திலேயே படித்துக்காட்டப்படவேண்டும். அதாவது எழுதப்படிக்கத் தெரியாத பெண்ணும் தம் குரலில் அரசு ஆவணத்துக்குள் நுழையும் வாயில் அது. காட்டுப்பள்ளி விரிவாக்கத்திற்கான கூட்டம் 2021 சனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. எதிர்த்தோர்க்கு அது வெற்றி. ஆவணத்தைப் பொறுத்தவரை, அந்நாள்களில் பேச அணியமாயிருந்த பெண்களின் சொல் எங்கும் பதிவாகவில்லை. அச்சொற்களை வேறு வழியில் திரட்டவேண்டிய பொறுப்பு பல்கலைக்கழகத் துறைகளுக்கு வருகிறது.

பொருள்நிலைச் சிக்கல்கள் எளியவை அல்ல. உப்புக்காற்றும் ஈரப்பதமும் தாளை விரைவில் அழிக்கும். இராமபாணப் பூச்சி எஞ்சியதைத் தின்னும். ஒலிநாடாக்களில் பூஞ்சணம் பிடிக்கும். ஆண்டுதோறும் வெள்ளம் புகும் வீட்டில் முதலில் காக்கப்படுவது குடும்ப அட்டையும் ஆதார் அட்டையும்தான். பழைய துண்டறிக்கை அன்று. அண்மைப் போராட்டங்களோ கைப்பேசியில் இருக்கின்றன. வாட்சப் வழியாகக் கைமாறும் படம் தன் அளவில் சுருங்குவதோடு, எடுத்த நாள், இடம் பற்றிய உள்விவரங்களையும் இழந்துவிடுகிறது. ஆகவே படத்தை எடுத்தவரின் கைப்பேசியிலிருந்தே மூலக்கோப்பைப் பெறவேண்டும். அதுவும் அவர் கைப்பேசியை மாற்றுவதற்கு முன்பே.

போராட்டக்காரர் வாழ்வையும் தன்பாலீர்ப்புப் பெண்கள் வாழ்வையும் ஒரே காப்பகத்தில் வைக்கும்போது முரண் ஒன்று எழுகிறது. முன்னவர் பெயரோடு அறியப்பட விரும்புவர்; மனு கொடுத்தவர் தாம் என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்குப் பெருமை. பின்னவருக்குப் பெயர் வெளிப்படுவது வீட்டையும் வேலையையும் சில வேளை உயிரையும் இழப்பதாகும். மேலும் இருவரும் ஒருவராகவே இருக்கக்கூடும். மறியலில் முன்னின்ற பெண் தம் பேச்சுக்கு நடுவே, சேர்ந்து வாழும் பெண்ணைப் பற்றியும் சொல்லிச் செல்லலாம். அப்பதிவை எப்படித் திறப்பது, எப்படி மூடுவது? குறுகிய குப்பத்தில் பெயரை மாற்றுவதால் பயனில்லை. தெருவும் தொழிலும் குரலும் போதும், ஊரார் அறிந்துகொள்வர்.

இதற்கு ஆவணவியல் கண்ட வழிகள் சில உண்டு. ஒப்புதலைப் பதிவுக்கு முன்பு ஒருமுறையும், எழுத்துப்படியை வாசித்துக்காட்டிய பின்பு மறுமுறையும் பெறுதல். பதிவின் பகுதிகளைத் தனித்தனியே பிரித்து, ஒன்றைத் திறந்தும் மற்றொன்றைக் குறித்த ஆண்டுகள் மூடியும் வைத்தல். உண்மைப் பெயருக்கும் மாற்றுப்பெயருக்கும் உள்ள திறவுப்பட்டியலைப் பதிவிலிருந்து வேறிடத்தில் காத்தல். விரும்பும்போது திரும்பப் பெறும் உரிமையை எழுத்தில் தருதல். ஆய்வாளருக்கு இவை எரிச்சலூட்டும். முனைவர் பட்டக் காலக்கெடு மூன்றாண்டு. மூடிய பதிவின் காலக்கெடு முப்பதாண்டாக இருக்கலாம். எனினும் அவசரப்பட்ட ஆய்வேட்டினால் ஒரு பெண் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தால், அத்துறைக்கு அப்பகுதியில் வேறெவரும் வாய்திறக்கமாட்டார்கள்.

சட்டநிலை ஒன்று இப்பணியை விரைவுபடுத்தவேண்டிய கட்டாயத்தை உண்டாக்குகிறது. தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க உச்சநீதிமன்றம் 2023 அக்டோபர் 17ஆம் நாள் மறுத்துவிட்டது. எனவே சேர்ந்து வாழ்ந்த இரு பெண்களுள் ஒருவர் இறந்தால், உயில் இல்லாதவிடத்து, அவரது கடிதங்களும் படங்களும் குறிப்பேடுகளும் இணையரைச் சேரா. பிறந்த குடும்பத்தையே சேரும். எந்தக் குடும்பம் அவ்வுறவை மறைக்க விரும்பியதோ அதே குடும்பத்தின் கையில் அதன் சான்றுகள் ஒப்படைக்கப்படுகின்றன. ஈமச்சடங்கு முடிந்த வாரத்திலேயே அவை அடுப்புக்கோ பழைய தாள் கடைக்கோ போகும். வாழும்போதே காப்பகத்தோடு செய்துகொள்ளும் ஒப்படைப்பு உடன்படிக்கை மட்டுமே இதற்கு மாற்று. தாள்கள் எவை, யார் பார்க்கலாம், எந்த ஆண்டு வரை மூடியிருக்கவேண்டும், ஒருவர் இறந்தபின் மற்றவருக்கு எடுத்துப் பார்க்க உரிமை உண்டா என்னும் நான்கு கேள்விகளுக்கு அதில் விடை இருக்கவேண்டும். அந்த உடன்படிக்கை ஆங்கிலச் சட்டநடையில் இல்லாமல், கையொப்பமிடுபவர் தாமே படித்தோ பிறர் படிக்கக் கேட்டோ புரிந்துகொள்ளும் தமிழில் இரண்டு பக்கத்துக்குள் அமையவேண்டும். அதை எழுதித்தருவது தமிழ்த்துறையால் உடனே செய்யத்தக்க பணி.